சுமைவண்டியும் விளையாட்டு மலையும்

புத்தளத்திலிருந்து மன்னார் நோக்கிக் கரையோரமாகச் செல்லும் பழைய வழியிலே, வண்ணாத்திவில்லைக் கடந்து வடக்கே செல்வோர் எலுவன்குளம் என்னும் சிற்றூரை அடைவர். கலா ஓயா கடலோடு கலப்பதற்கு முன் இவ்வூரை அணைந்து செல்கின்றது. மாரியில் ஆறு பெருகுமாயின் அதன் மேலுள்ள சப்பாத்துப் பாலம் நீரில் மூழ்கிவிடும், போக்குவரத்தும் நின்றுவிடும். ஆற்றுக்கு அப்பால் வில்பத்துக் காடு விரிந்து கிடக்கின்றது. 1938-ஆம் ஆண்டில் அது தேசிய வனமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. மேற்கே கண்டற் காடும் களப்பும். கிழக்கே வறண்ட நிலத்துக்குரிய பாலையும் வீரையும் செறிந்த காடு. கண்ணுக்கெட்டிய தூரம்வரை மலை என்று சொல்லத்தக்கது யாதொன்றும் இல்லை. இவ்வூர்ச் சிறுவன் ஒருவன் மலையைக் காண விரும்பின், விடுமுறை வரும்வரை காத்திருந்து கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ செல்லல் வேண்டும்.

ஆயினும், மலையில்லாத இக்கரையிலும் மலையெனப் பெயர் பூண்ட இடம் ஒன்று உண்டு. எலுவன்குளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காட்டின் கடலோரத்திலே நிற்கும் செம்மண் முனையைக் குதிரைமலை என்பர். மலைநாட்டார் அதனைக் கண்டால் மேடு என்று சொல்லவுந் தயங்குவர். ஆனால் அம்மேட்டைச் சூழ்ந்துள்ள கதைகளோ மிகப் பல. கடலிற் செல்லும் மரக்கலங்களுக்கு அடையாளமாகச் செங்கல்லாலும் சுதையாலும் பெருங்குதிரை ஒன்று அங்கே எழுப்பப்பட்டிருந்தது என்பது செவிவழிச் செய்தி. அல்லி அரசாணி அங்கிருந்து முத்துக்குளிப்பை ஆண்டாள் என்பது மற்றொன்று. சங்கச் செய்யுள்களிற் கூறப்படும் குதிரைமலை இதுவே என்பாரும், அன்று, அது தமிழகத்து மலை என்பாரும் உளர். உரோம ஆசிரியர் பிளினி, குளோடியசு மன்னன் காலத்தில் வரிக் குத்தகைக்காரர் ஒருவரின் ஆள் காற்றில் அலையுண்டு தப்ரபேன் தீவின் கிப்பூரசு துறையை அடைந்தான் என்று எழுதியுள்ளார். கிரேக்க மொழியிற் குதிரையைக் குறிக்குஞ் சொல் அத்துறையின் பெயரில் ஒலிப்பதைக் கொண்டு, அது குதிரைமலையே என்று எமர்சன் தென்னந்து 1859-இல் வெளிவந்த தமது நூலிற் கருதினார். ஒரு மேடு மலையாவதற்குக் கல்லும் மண்ணும் மட்டும் போதா. கதையும் வேண்டும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கதையைப் போர்த்து மலையாக்கும் இத்தொழிலை, கடந்த இரு நூற்றாண்டுகளில் மேனாட்டார் பெருவணிகமாக வளர்த்துள்ளனர். மரத்தாலும் இரும்பாலும் சீமெந்தாலும் மலை சமைத்து, அதனுள்ளும் புறமும் தண்டவாளம் இட்டு, விடுமுறைக்கு வருவோரை வண்டியில் ஏற்றி உயரத்திலிருந்து உருட்டிவிடும் இவ்விளையாட்டை ரோலர் கோஸ்டர் என உலகம் வழங்குகின்றது. உருள்வண்டி என்று ஈண்டு குறிப்போம். இவ்வண்டிகளின் வரலாற்றை ஆராய்வார்க்கு ஓர் உண்மை புலனாகும். இம்மலைகளின் வேடங்களுள் பெயர்பெற்றவை பல, மனிதர் பாடுபட்டு உழைத்த இடங்களின் வேடங்கள்: சுரங்கம், சுமைவண்டி, தேயிலைத் தோட்டம். அவ்விடங்களில் உழைத்தோர் மட்டும் அம்மலைகளில் இடம் பெறுவதில்லை. இது யாங்ஙனம் நேர்ந்தது என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படுவது.

உருள்வண்டிக்குப் பிரெஞ்சு மொழியிலும் இசுப்பானிய மொழியிலும் 'உருசிய மலை' என்று பெயர். உருசியரோ அதனை 'அமெரிக்க மலை' என்பர். ஒவ்வொரு நாட்டாரும் அதனைப் பிறநாட்டுச் சரக்காகக் கருதியமை நகைக்கத்தக்கதாயினும், இப்பெயர்களில் வரலாறு பதிந்துள்ளது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் உருசிய நாட்டார் பனிக்காலத்தில் உயர்ந்த மரச்சட்டங்கள் எழுப்பி, அவற்றின் சரிவில் நீரை ஊற்றி உறையச் செய்து, சறுக்குப் பலகைகளில் இழிந்து விளையாடினர். பேரரசி இரண்டாம் கதரீன் கோடையிலும் அவ்வின்பத்தைத் துய்க்க விரும்பினாள். ஒரானியன்பாம் அரண்மனைத் தோட்டத்தில் அவளுக்காக இத்தாலியச் சிற்பி இரினால்டி சறுக்கு மலை ஒன்றையும் அதற்கொரு மண்டபத்தையும் அமைத்தார். அங்கே சக்கரம் பூட்டிய வண்டிகள் ஓடின. நெப்போலியனை வென்ற படைகள் பாரிசு நகரிற் புகுந்து சில ஆண்டுகள் செல்வதற்குள், 1817-இல், அந்நகரில் 'உருசிய மலைகள்' தோன்றிவிட்டன. வண்டிச் சக்கரத்தின் அச்சு பாதையின் காடியிற் பொருந்தி ஓடும் முறை அங்கேயே வழக்குக்கு வந்தது. இதுவரை கூறியது அரசரும் செல்வரும் ஆடிய ஆட்டம். இதன் மற்றொரு தாய் வழி அமெரிக்காவில் உளது. அது நிலக்கரியிற் பிறந்தது.

பென்சில்வேனியா மாநிலத்தில் மோக் சங்க் என்றோர் ஊர் உண்டு. 1954-இல் அதன் பெயரை மாற்றினர்; எனினும் வரலாறு பழைய பெயராலேயே அதனை அறியும். அவ்வூருக்கு மேலே ஒன்பது மைல் தொலைவில் மலையுச்சியில் நிலக்கரி அகழப்பட்டது. அதனைக் கீழேயுள்ள இலீகை ஆற்றுக்குக் கொண்டுவருதற்காக 1827-இல் இருப்புப் பாதை ஒன்று இடப்பட்டது. இயந்திரம் எதுவும் இல்லை. கரி நிரம்பிய வண்டிகள் தம் பாரத்தாலேயே சரிவில் இழிந்தன. அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ சென்று ஆற்றை அடைந்தன. வெறும் வண்டிகளை மீண்டும் மேலே இழுத்துச் செல்வது கோவேறு கழுதைகளின் வேலை. அதற்கு மூன்று நான்கு மணி நேரம் பிடித்தது. அக்கழுதைகளும் கீழே வரவேண்டுமாதலின், அவற்றுக்கெனத் தனி வண்டி பூட்டி, அதில் ஏற்றித் தீனியும் வைத்து அனுப்பினர். சில நாட்களில் அவை இச்சவாரிக்குப் பழகிப்போய், நடந்து இழிய மறுத்து அடம்பிடித்தன என்று அக்காலத்தார் எழுதி வைத்துள்ளனர். உருள்வண்டியில் ஏறி இன்புற்ற முதல் அமெரிக்கர் யாவர் என்று வினவின், இக்கழுதைகளையே சுட்டவேண்டும் போலும்.

மனிதர் பின்தங்கவில்லை. கரி வண்டிகளோடு வேடிக்கை பார்க்க வந்தோரும் ஏறலாயினர். 1840-களின் நடுவில் மலையேற்றத்துக்கு நீராவிப் பொறிகள் அமைந்தன, கழுதைகள் ஓய்ந்தன. 1872-இல் மலையைக் குடைந்து வேறு வழி திறக்கப்படவே கரி அவ்வழியே சென்றது. பழைய பாதை முழுவதும் உல்லாசப் பயணிகளுக்கு விடப்பட்டது. நியூயோர்க், பிலடெல்பியா நகரத்தார் விடுமுறை நாட்களில் அங்கே குவிந்தனர். 'அமெரிக்காவின் சுவிற்சலாந்து' என அவ்வூரை விளம்பரஞ் செய்தனர். 1933-இல் வண்டி நின்றது. 1937-இல் தண்டவாளங்கள் பழைய இரும்பாக விற்கப்பட்டன.

இவ்வுல்லாச வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் நிகழ்ச்சி ஒன்று உளது. உல்லாசப் பயணிகள் மோக் சங்க் மலையிலிருந்து சிரித்துக்கொண்டு இழிந்த அக்காலத்திலேயே, அம்மலைகளின் சுரங்கங்களில் ஐரிஷ் தொழிலாளர் குறைந்த கூலிக்கு உழைத்தனர்; இடிபாடுகளில் மடிந்தனர்; கிளர்ச்சியும் செய்தனர். 'மொலி மகுவயர்' என்னும் மறைகுழுவைச் சேர்ந்து கொலை புரிந்தார்கள் எனக் குற்றஞ் சாட்டப்பட்டோருள் இருபதின்மர் சில ஆண்டுகளில் தூக்கிலிடப்பட்டனர். 1877-ஆம் ஆண்டு யூன் மாதம் 21-ஆம் நாள் ஒரே நாளிற் பதின்மர் தூக்கிலேறினர்; அவருள் நால்வர் தூக்கிலேறிய இடம் மோக் சங்க் சிறைச்சாலை. வழக்கைத் துப்புத் துலக்கியவர் முதலாளிமார் அமர்த்திய தனி ஒற்றர். வழக்கை நடத்தியோருள் நிலக்கரி, புகையிரதக் கம்பனியின் தலைவரும் ஒருவர். நூறாண்டு கழிந்து 1979 சனவரியில், அவ்வியக்கத்தின் தலைவரெனக் கொள்ளப்பட்டுத் தூக்கிலேறிய யோன் கீகோ என்பவருக்கு அம்மாநில ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். சிறைச்சாலைக்கும் உல்லாச வண்டி நிலையத்துக்கும் இடையே நடந்து செல்லும் தூரமே இருந்தது.

கரிப் பாதையை நகரக் கடற்கரைக்குக் கொணர்ந்தவர் இலாமாக்கசு தொம்சன். இவர் காலுறை நெய்யும் ஆலை நடத்திப் பொருளீட்டியவர். ஞாயிற்றுப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். நியூயோர்க் மக்கள் விடுமுறையைக் கழிக்கும் கோனித் தீவிலே மதுக்கடைகள் மலிந்திருந்தன. இளைஞரை அவற்றினின்று விலக்கத் தீங்கற்ற பொழுதுபோக்கு ஒன்றை அளிக்க அவர் எண்ணினார் என்பர். 1884-இல் அவர் அங்கு அமைத்த பாதை 600 அடி நீளமுடையது. பயணிகள் படியேறி 50 அடி உயரத்தை அடைந்து வண்டியில் அமர்வர்; வண்டி மணிக்கு ஆறு மைல் வேகத்தில் அலையலையாக உருண்டு மறுமுனையை எய்தும். கட்டணம் 5 சதம். இன்றைய மாணவர் தம் துவிச்சக்கர வண்டியில் இதனினும் விரைந்து செல்வர். எனினும் மக்கள் மணிக்கணக்காக வரிசையில் நின்றனர்.

தொம்சனின் அடுத்த செயலே இவ்வாராய்ச்சிக்கு முதன்மையானது. 1887-இல் அத்திலாந்திக் நகரில் அவர் 'காட்சிப் புகையிரதம்' ஒன்றை நிறுவினார். பாதை இருண்ட குகைக்குட் புகும். வண்டி வந்தவுடன் வண்ண விளக்குகள் எரியும். சுவர்களில் தீட்டிய தூரதேசக் காட்சிகள் தோன்றி மறையும். இறக்கத்தின் அச்சத்தோடு கதையைச் சேர்த்தவர் இவரே. தோற்றத்தைக் காட்டி இடத்தை நம்பவைக்கும் வித்தை இங்குத் தொடங்குகின்றது. இவ்வகைப் பாதைகள் பல கண்டங்களிலும் பரவின. அவுஸ்திரேலியாவில் மெல்பேண் நகரத்தில் 1912-இல் அமைந்தது நூறாண்டு கடந்தும் ஓடியது.

மலை வேண்டி ஏங்கியோர் சமவெளி நாட்டாரே என்பதற்கு டென்மார்க்கு நல்ல சான்று. அந்நாட்டின் மிகவுயர்ந்த இயற்கை மேட்டின் உயரம் 171 மீற்றர். அத்தகைய நாட்டின் தலைநகராகிய கொப்பனேகனில், தீவொலி உல்லாசத் தோட்டத்தில், 1914-ஆம் ஆண்டு மரத்தால் ஓர் உருள்வண்டிப் பாதை எழுந்தது. மலை வேடம் பூண்ட அதனை மக்கள் மலைவண்டி என்றே வழங்கினர். அதன் ஒவ்வொரு வண்டித் தொடரிலும் தடை பிடிப்போர் ஒருவர் அமர்ந்து, இறக்கங்களில் வேகத்தைக் கையால் அடக்குவார். தமிழ் மாணவர்க்கு இவரைப் புரிந்துகொள்ள நீலகிரியை நினைவூட்டினாற் போதும். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரையும் 1908-இல் உதகமண்டலம்வரையும் சென்ற நீலகிரி மலைப் புகையிரதத்தில், ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் தடை பிடிப்போர் நின்று கைக்கொடி காட்டித் தமக்குள் அறிவித்து வண்டியை அடக்குவர். அப்பாதை பன்னிரண்டரை அடிக்கு ஓரடியாக ஏறுவது. இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்சட்டம் பதித்து, பொறியின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறுமாறு செய்தனர்.

இவ்விரு தொழிலாளரும் ஒரே வேலையைச் செய்தனர் எனினும், இருவர் வண்டிகளின் நோக்கம் எதிரெதிரானது. மலைப் புகையிரதத்தில் இறக்கம் என்பது ஆபத்து. அதை அடக்குதலே பொறியியல். உருள்வண்டியில் இறக்கமே பொருள். அதன் பெட்டிகளில் இயந்திரம் இராது. சங்கிலியால் ஒருமுறை உச்சிக்கு இழுக்கப்பட்டபின், அங்கே சேர்ந்த ஆற்றலைக் கொண்டே முழுவழியும் ஓடவேண்டும். உராய்விலும் காற்றிலும் அவ்வாற்றல் கரைவதால் பின்வரும் மேடுகள் முதல் மேட்டினும் தாழ்ந்திருக்கும். வண்டி மேலே துள்ளித் தடம் விலகாதபடி தண்டவாளத்தின் கீழ்ப்புறத்தையும் பற்றும் சக்கரத்தை யோன் மில்லர் என்பவர் 1919-இல் உரிமைப் பதிவு செய்தார். அதன் பின்னரே செங்குத்தான வீழ்ச்சிகள் இயன்றன. 1929-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியோ பெரும்பாலான பாதைகளை மண்ணாக்கிவிட்டது.

உருள்வண்டிக்குப் புத்துயிர் தந்தது மற்றர்ஹோண் என்னும் பொய்மலை. மெய்ம்மலை சுவிற்சலாந்துக்கும் இத்தாலிக்கும் எல்லையாக 14,692 அடி உயர்ந்து நிற்பது. 1865-ஆம் ஆண்டு யூலை 14-ஆம் நாள் எட்வேட் விம்பர் முதலிய எழுவர் அதன் முடியை முதன்முதல் மிதித்தனர். இறங்கும்போது ஒருவர் கால் வழுவவே, ஒரே கயிற்றிற் பிணைந்திருந்தோர் இழுக்கப்பட்டனர். கயிறு இடையில் அறுந்தது. நால்வர் பாதாளத்தில் வீழ்ந்து மாண்டனர். அவருள் பிரபு வமிசத்து இளைஞர் ஒருவரின் உடல் கிடைக்கவேயில்லை. அம்மலை ஏற்றத்தைக் கதையாகக் கொண்ட திரைப்படம் ஒன்றை உவால்ற் டிஸ்னி எடுத்தார். 1959-ஆம் ஆண்டு யூன் 14-ஆம் நாள் கலிபோர்ணியாவிலுள்ள தமது உல்லாசத் தோட்டத்தில் நூறில் ஒரு பங்களவாக, 147 அடி உயரத்தில் அம்மலையைச் செய்து நிறுத்தினார். கீழே நட்ட மரங்கள் பெரியன, மேலே நட்டவை குறியன. ஆதலின் பார்ப்போர் கண்ணுக்கு உச்சி மிகத் தொலைவிற் போலத் தோன்றியது. குழாய் வடிவான உருக்குத் தண்டவாளம் உருள்வண்டிக்கு முதன்முதல் இடப்பட்டது இங்கேதான். இன்றைய வளைவுகளெல்லாம் அதன் வழிவந்தவை. 1978-இல் மலையினுள்ளே பனிமனிதப் பூதம் ஒன்றும் குடியேற்றப்பட்டது. நால்வரை விழுங்கிய மலை, குழந்தைகள் வரிசையில் நின்று ஏறும் மலையாவதற்கு நூறாண்டுகூடச் செல்லவில்லை.

பின்னர் வேடங்கள் பெருகின. சென்னையை அடுத்த தாம்பரத்தருகே 1995-இல் தோன்றிய உல்லாசத் தோட்டம் இராமாயணத்துக் கிஷ்கிந்தையின் பெயரைப் பூண்டது. அமெரிக்கர் தம் பழங்கதையாகச் சுரங்கத்தை எடுத்தனர். 1966-இல் தெக்சாசிலே 'கட்டுக்கடங்காது ஓடும் சுரங்கவண்டி' என்னும் பெயரில் ஓர் உருள்வண்டி அமைந்தது. 1979-இல் டிஸ்னிலாந்தில் 'பெரிய இடிமலைப் புகையிரதம்' திறக்கப்பட்டது. செம்பாறை மலை, பாழடைந்த பொன்சுரங்க ஊர், ஓட்டுநர் இன்றித் தானே விரையும் சுரங்கவண்டி, இடியும் குகை ஆகியவற்றை அது காட்டியது. புளோரிடா, தோக்கியோ, பாரிசு ஆகிய இடங்களிலும் அதன் படிகள் எழுந்தன. கீகோவுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டதும் இம்மலை திறக்கப்பட்டதும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயலே. எனினும் ஓட்டுநர் இல்லாத வண்டி என்னும் கற்பனை ஆராயத்தக்கது. சுரங்கம் உண்டு, கருவிகள் உண்டு, இடிபாடும் உண்டு. சுரங்கத் தொழிலாளி மட்டும் இல்லை. அவன் இருப்பின் இடிபாடு விளையாட்டாக இராது.

தமிழரை இவ்வரலாறு நேரே தொடுவது 2006-ஆம் ஆண்டிலேயே. புளோரிடாவிலுள்ள டிஸ்னி விலங்குத் தோட்டத்தில் அவ்வாண்டு ஏப்பிரிலில் எவரெசுற்று மலையின் பெயரால் ஓர் உருள்வண்டி திறக்கப்பட்டது. பொய்மலையின் உயரம் 200 அடிக்குச் சற்றுக் குறைவு. 200 அடியை எட்டினால் வானூர்திகளுக்கான எச்சரிக்கை விளக்கை உச்சியில் வைக்கவேண்டும், அது காட்சியைக் கெடுக்கும் என்று உயரத்தை அவ்வளவில் நிறுத்தினர். செலவு ஏறத்தாழ 10 கோடி டொலர். மலையினுள்ளே எட்டி என்னும் பனிப்பூதப் பொம்மை வைக்கப்பட்டது; அது திறந்து சில காலத்துள் அசைவற்றுப் போக, மினுங்கும் விளக்கால் அசைவதுபோலக் காட்டினர். இம்மலைக்கு அமைத்த கதையே நோக்கற்பாலது. 'ஆனந்தபூர் அரச தேயிலைக் கம்பனி' என்றொரு கற்பனைக் கம்பனி மலைத் தோட்டங்களிலிருந்து தேயிலையை இறக்க இருப்புப் பாதை போட்டதாம். பூதத்தின் சீற்றத்தால் விபத்துக்கள் நிகழ்ந்து பாதை கைவிடப்பட்டதாம். பின்னாளில் உல்லாசப் பயணக் கம்பனி ஒன்று அத்தேயிலை வண்டியைப் புதுக்கிப் பயணிகளை ஏற்றுகின்றதாம். வரிசையில் நிற்போர் தேயிலைப் பெட்டிகளையும் துருப்பிடித்த பொறியையும் பார்த்துக்கொண்டு செல்வர். தேயிலைப் புகையிரதத்தை அழித்தது பூதம் என்பது கதை. தேயிலைப் புகையிரதத்தின் மெய்க் கதை இலங்கையில் உளது.

கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில் மூடைகளைக் கொழும்புத் துறைக்குக் கொண்டுவர மாட்டுவண்டிகளே இருந்தன. வழியில் வாரங்கள் கழிந்தன. மழையில் நனைந்து சரக்குக் கெட்டது. தோட்ட முதலாளிமாரின் இடைவிடாத வற்புறுத்தலாலேயே இருப்புப் பாதை வந்தது. 1864-ஆம் ஆண்டு இறுதியில் கொழும்பிலிருந்து அம்பேபுசைவரை வண்டி ஓடிற்று. 1867-இல் கண்டியை அடைந்தது. இடையிலுள்ள கடுகண்ணாவை ஏற்றம் ஏறத்தாழ 45 அடிக்கு ஓரடியாக உயர்வது. நீராவிப் பொறிகளின் காலத்தில் இரம்புக்கனையில் வண்டிக்குப் பின்னே மற்றொரு பொறியைப் பூட்டித் தள்ளவேண்டியிருந்தது. அவ்வேற்றத்தில், ஒருபுறம் செங்குத்துப் பாறையும் மறுபுறம் பெருவீழ்ச்சியுமான ஓரிடத்துக்கு ஆங்கிலேயப் பயணிகள் 'மெய்சிலிர்ப்புப் பாறை' என்று பொருள்படும் பெயரை வழங்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நிழற்படக்காரர் பலர் அதனைப் படம் பிடித்து விற்றனர். தொம்சன் கோனித் தீவில் 5 சதத்துக்கு விற்ற மெய்சிலிர்ப்பு, கடுகண்ணாவையிற் கோப்பி மூடைகளோடு இலவசமாகக் கிடைத்தது.

அப்பாறையைக் குடைந்தவர் யாவர்? மலைநாட்டுப் பாதை வேலையிலும் தோட்ட வேலையிலும் ஈடுபட்டோர் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நாட்கணக்காக நடந்து மாத்தளையை அடைந்தனர். நீர் இல்லா இடங்களிலும் வாந்திபேதி பரவிய காலங்களிலும் வழியிலேயே வீழ்ந்தோர் பலர். எலுவன்குளத்துக்கு வடக்கே கிடக்கும் அக்கரையே அவர்கள் முதன்முதற் கால் வைத்த இலங்கை. பாதை வேலைத் தளங்களிலும் காய்ச்சல் அவர்களை வாட்டியது. கோப்பியை இலைநோய் பற்றியது 1869-இல். அடுத்த இருபதாண்டுகளுள் கோப்பி அழிந்து தேயிலை தழைத்தது. பாதையும் தேயிலையைப் பின்தொடர்ந்து ஏறிற்று: 1874-இல் நாவலப்பிட்டி, 1885-இல் நானு ஓயா, 1894-இல் பண்டாரவளை, 1924-இல் பதுளை. பட்டிப்பொலைக்கு அணித்தாக அது கடல் மட்டத்துக்கு மேல் 6,226 அடி உயரத்தைத் தொடுகின்றது. தெமோதரையில் வண்டி சுழன்று இறங்கித் தான் நின்ற நிலையத்தின் கீழே குகைவழியிற் புகுகின்றது. பொழுதுபோக்குக்காக அமைத்திருந்தால் இவ்வளைவைக் கண்டு உலகம் வியந்திருக்கும். சரக்கு இறக்க அமைத்ததாதலின் பொறியியலாளரே வியந்தனர்.

1914-இல் தலைமன்னார்ப் பாதை திறக்கப்பட்டது; அதன் பின்னர் தொழிலாளர் நடந்து வரவேண்டியிருக்கவில்லை. ஆனால் அப்பாதையில் இருபக்கமும் போக்குவரத்து உண்டு என்பது பின்னாளிற் தெளிந்தது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆம் நாள் இந்தியப் பிரதமர் இலால்பகதூர் சாத்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த உடன்படிக்கை 9,75,000 பேரைப் பற்றியது. அவருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்த் தீர்மானிப்பதென்றும் பேசி முடித்தனர். எண்ணப்பட்டோரை எவரும் கேட்கவில்லை. அதன்பின் அற்றனிலும் பதுளையிலும் ஏறிய குடும்பங்கள் தம் பாட்டன்மார் குடைந்த குகைகளினூடே இறங்கித் தலைமன்னாருக்குச் சென்றன. வழியனுப்ப வந்தோரும் ஏறியோரும் நிலையங்களிற் கட்டிப்பிடித்து அழுததால், அவ்வண்டியை மலையக மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றனர். கோச்சி என்பது இலங்கையிற் புகையிரதத்துக்கு வழங்கும் பேச்சுச்சொல். 1984-இல் கப்பற் போக்குவரத்து நிற்கும்வரை அவ்வழி வழங்கியது.

போர் முடிந்த 2009-ஆம் ஆண்டுக்குப் பின்னர், அதே பாதை உலகெங்குமுள்ள விடுமுறைப் பயணிகளின் விருப்புக்குரியதாயிற்று. நீலநிற வண்டியின் திறந்த வாயிலில் தொங்கி நின்று தேயிலைச் சரிவுகள் பின்னணியாகப் படம் எடுத்துக்கொள்வது ஒரு சடங்காகவே வளர்ந்தது. எல்லைக்கு அணித்தான ஒன்பது வளைவுப் பாலத்தைக் காணவே வந்தோர் பலர். 2022-இல் உல்லாசப் பயணிகளுக்கெனத் தனி வண்டித் தொடரும் விடப்பட்டது. இவ்வூரென்று கருதி வந்த எலுவன்குளத்து மாணவனும், புளோரிடாவிலிருந்து வந்த பயணியும், பெட்டி வளைவிற் சாயும்போது அடைவது ஒரே மெய்சிலிர்ப்புத்தான். அதனைக் குறை கூறுவதற்கில்லை. மோக் சங்கில் நடந்தது இங்கும் நடந்தது என்பதை மட்டும் வரலாற்று மாணவர் குறித்துக்கொள்ளலாம்: சுமை இறங்கிய பின்னர்க் காட்சி ஏறியது.

ஆனால் எலுவன்குளத்தின் அயலிலேயே இவ்வரலாற்றின் முதற்படி இன்னுங் காணக் கிடைக்கின்றது. கலா ஓயாவின் முகத்துவாரத்துக்கு அணித்தாக அருவக்காடு என்னும் இடத்தில் சுண்ணக்கல் அகழ்வு உண்டு. யாழ்ப்பாணத்தார்க்கு அக்கல் அந்நியமன்று. 1950-இல் தொடங்கிப் போர்க்காரணத்தால் 1990-இல் நின்ற காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு உணவானதும் அதே வகைச் சுண்ணக்கல்லே. அருவக்காட்டில் வெடிவைத்து உடைக்கப்படும் கல், புத்தளத்துக்கு அப்பால் பாலாவியிலுள்ள சீமெந்து ஆலைக்குச் செல்லும் வழி ஏறத்தாழ 40 கிலோமீற்றர். அதற்கெனவே இடப்பட்ட இருப்புப் பாதையில் சுமைவண்டிகள் காட்டினூடே கல்லை ஏற்றிச் சென்று வெறுமையாக மீண்டுள்ளன. மெய்யான சுரங்கவண்டி இதுவே. இதிற் பூதம் இல்லை; வேகமும் இல்லை; ஏறுவதற்கு இருக்கையும் இல்லை. தண்டவாளத்தின் ஓரத்தில் நின்று பெட்டிகளை எண்ணும் சிறுவரைத் தவிர அதற்குப் பார்வையாளரும் இல்லை.

இப்பாதைக்கு வேறொரு சுமையையும் பிற்காலத்தார் வகுத்தனர். கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் நகரத்துக் கழிவு ஆண்டுக்கணக்காகக் குவிந்து மலையாயிற்று. 2017-ஆம் ஆண்டு ஏப்பிரில் 14-ஆம் நாள், புத்தாண்டுத் தினத்தன்று, அம்மலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் கொழும்பின் கழிவைப் புகையிரதத்தில் ஏற்றி வந்து அருவக்காட்டின் பழைய அகழ்குழிகளில் நிரப்பும் திட்டம் விரைவுபடுத்தப்பட்டது. தம் களப்பும் கிணறும் கெடும் என்று புத்தளத்து மக்கள் 2018, 2019-ஆம் ஆண்டுகளில் மாதக்கணக்காகத் தெருவில் அமர்ந்து எதிர்த்தனர். கல்லை இறக்கி வெறுமையாய்த் திரும்பும் பாதையிலே, சமவெளியை நோக்கி முதன்முறையாக ஒரு மலை புறப்பட்டது.